முழங்கால் உயரத்தில் ஒரு கடற்கரை

யுத்தத்தின் நடுவில், ஜப்பான்காரன் கப்பலில் வந்து பட்டணத்தின் மேல் குண்டு போடப்போகிறான் என்று பேச்சு கிளம்பி ஊரே காலியானபோது, என் மனைவியையும் இரண்டு வயது மகளையும் சேலம் போகும் ரயிலில் ஏற்றிவிட்டேன். ஆத்தூர் பக்கத்தில் என் மாமனார் வீடு. பெட்டியில் நிற்க இடமில்லை. ஜன்னல் வழியாகத்தான் குழந்தையை உள்ளே கொடுத்தேன். அவள் என் சட்டைப் பொத்தானைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றாள். விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தேன். “ரெண்டு மாசம், மிஞ்சிப் போனா மூணு மாசம்” என்று மனைவியிடம் சொன்னேன். அவளும் தலையாட்டினாள்.

நான் கூடப் போக முடியவில்லை. திருவொற்றியூரில் ஒரு தொழிற்சாலையின் டிராயிங் ஆபீசில் எனக்கு வேலை. யுத்தத்துக்கு வேண்டிய சாமான்கள் அங்கே செய்துகொண்டிருந்தார்கள். லீவு என்ற சொல்லையே யாரும் எடுக்கக்கூடாது. ராயபுரத்தில் ஒரு மாடியில் இரண்டு அறைகளை வாடகைக்கு எடுத்திருந்தோம். அன்று திரும்பி வந்து கதவைத் திறந்தபோது கொடியில் குழந்தையின் கவுன் ஒன்று காய்ந்துகொண்டிருந்தது. மூட்டை கட்டும் அவசரத்தில் விட்டுப்போயிருந்தார்கள். அதை எடுத்து மடித்து வைக்க எனக்கு இரண்டு நாள் ஆயிற்று.

பயந்த அளவுக்கு ஒன்றும் நடக்கவில்லை. போனவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பினார்கள். எதிர் வீட்டு ஜன்னல் திறந்தது, கீழ்வீட்டில் மறுபடி அம்மி சத்தம் கேட்டது. என் வீட்டுக்கு மட்டும் யாரும் வரவில்லை. முதலில் மாமனாருக்குப் பக்கவாதம் வந்தது, பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். அப்புறம் மாமியாருக்குக் கண் தெரியாமல் போயிற்று. அப்புறம் மகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டார்கள், நடுவில் எடுக்கக்கூடாது. ஒவ்வொரு காரணமும் நியாயமான காரணம். அதனாலேயே அதைத் தாண்டி எதுவும் கேட்க முடியவில்லை. நாங்கள் சண்டை போட்டதே கிடையாது. சண்டை போட்டிருந்தால் சமாதானம் என்று ஒன்று வந்திருக்கும்.

பொங்கலுக்குப் பொங்கல் நான் போய் நான்கு நாள் இருந்துவிட்டு வருவேன். சின்ன வயதில் மகள் என்னைக் கண்டால் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வாள். கொஞ்சம் வளர்ந்ததும் “வாங்க” என்று சொல்லி, சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். வந்த விருந்தாளிக்குச் செய்கிற மரியாதை அது. ஒளிந்துகொண்டதே தேவலை என்று எனக்குத் தோன்றியது.

இப்படியே ஒன்பது வருஷம் ஓடியது. யுத்தம் முடிந்தது, சுதந்திரம் வந்தது, எனக்கு முன்தலை வழுக்கை ஆனது. வார நாட்கள் எப்படியோ போய்விடும். ஞாயிற்றுக்கிழமைதான் கஷ்டம். துணி துவைத்து, சோறு வடித்து, தின்று, பாத்திரம் கழுவி முடித்தாலும் மணி பத்துதான் ஆகியிருக்கும்.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் தொழிற்சாலைக்குப் புதிதாகத் தொழிலாளர் நல அதிகாரி ஒருவர் வந்தார். என்னைவிடப் பத்து வயது சின்னவர். வெளிநாட்டில் படித்துவிட்டு வந்தவர். எதையாவது செய்துவிட வேண்டும் என்ற துடிப்பு. தொழிற்சாலையின் மதிலுக்கும் கடலுக்கும் நடுவே மணல்மேடாக நீளவாக்கில் ஒரு நிலம் சும்மா கிடந்தது. அதில் தொழிலாளர் குழந்தைகளுக்கு ஒரு பார்க் அமைக்க அவர் மேலிடத்தில் அனுமதி வாங்கிவிட்டார். என்னைக் கூப்பிட்டு மேஜைமேல் ஒரு படப் புத்தகத்தை விரித்தார்.

அதில் ஒரு வெளிநாட்டுப் பூங்கா இருந்தது. ஓர் ஊரையே முழங்கால் உயரத்தில் கட்டியிருந்தார்கள். கோட்டை, தேவாலயம், காற்றாலை, தலையில் பனி மூடிய ஒரு மலை எல்லாம் இருந்தது. நடுவில் குழந்தைகள் ராட்சசர்களைப் போல நின்று சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

“இதே மாதிரி ஒண்ணு நமக்கு வேணும். நீங்கதான் வரையணும்” என்றார்.

“சார், நான் மெஷின் பாகம் வரையறவன். எனக்கு இதெல்லாம் பழக்கமில்லையே.”

“ஆயுத பூஜைக்கு வாசல்ல வளைவு போட்டீங்களாமே. எல்லாரும் சொன்னாங்க. செய்ங்க, பார்த்துக்கலாம்.”

செய்தேன். மூன்று வாரம் உட்கார்ந்து கோட்டையையும் காற்றாலையையும் பனி மலையையும் அங்குலக் கணக்கில் வரைந்தேன். கட்டப்போகிற கொத்தனாரிடம் காட்டச் சொன்னார் அதிகாரி. கொத்தனார் தண்டையார்பேட்டைக்காரர், முஸ்லிம். தொழிற்சாலையில் எந்தச் சுவர் எழும்பினாலும் அவர் கைதான். நான் அவரை பாய் என்றுதான் கூப்பிடுவேன். அவர் படத்தைத் தரையில் விரித்து, குந்தி உட்கார்ந்து, பீடியைக் காதில் செருகிக்கொண்டு நிதானமாகப் பார்த்தார்.

“ஜோரா கீது சார். ஆனா இது எந்த ஊரு?”

“ஏதோ ஒரு வெளிநாட்டு ஊர்.”

“இந்த மலை மேல வெள்ளையா இன்னாது?”

“பனி.”

“சுண்ணாம்பு அடிச்சா போதும்ல?” என்றார். பிறகு காதிலிருந்த பீடியை எடுத்துப் பற்றவைத்துக்கொண்டார். “எம்பொண்ணு வந்து பாத்துட்டு, ‘அத்தா, இது இன்னா’ன்னு கேட்டா நான் இன்னா சொல்றது? எனக்கே தெரியாதே.”

கேலியாகக் கேட்கவில்லை. நிஜமாகவே அவருக்கு அது ஒரு சிக்கல். அன்று சாயங்காலம் பஸ்ஸுக்கு நிற்காமல் திருவொற்றியூரிலிருந்து ராயபுரம் வரை கடலோரமாகவே நடந்தேன். வழியெல்லாம் பார்த்தேன். மணலில் காயும் கட்டுமரங்கள், கால்வாயில் விறகு ஏற்றி வரும் தோணிகள், கடலுக்குள் நீளும் துறைமுகத்தின் கல் அணைகள், தெற்கிலேயே முதல் ரயில் புறப்பட்ட எங்கள் ராயபுரம் ஸ்டேஷனின் தூண்கள். பதினைந்து வருஷமாக இவற்றின் நடுவில் இருந்தும் ஒன்றைக்கூட நான் சரியாகப் பார்த்ததில்லை என்று தோன்றியது.

மறுநாள் அதிகாரியிடம் போய், “சார், எந்த ஊரோ எதுக்கு? ராயபுரத்திலேர்ந்து எண்ணூர் வரைக்கும் நம்ம கடற்கரையையே சின்னதாக் கட்டினா என்ன?” என்று கேட்டேன். அவர் கொஞ்ச நேரம் பேனாவை உருட்டிக்கொண்டிருந்தார். “காற்றாலை மட்டும் இருக்கட்டுமே. எனக்கு அது ரொம்பப் பிடிச்சிருந்தது” என்றார். நான் அதைக் கலங்கரை விளக்கமாக மாற்றிவிடுகிறேன், மேலேயிருந்து குழந்தைகள் சறுக்கிக்கொண்டு இறங்கலாம் என்றேன். அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது.

அதற்குப் பிறகு என் ஞாயிற்றுக்கிழமைகளுக்கு வேலை வந்தது. டேப்பும் நோட்டும் எடுத்துக்கொண்டு விடிந்ததும் கிளம்பிவிடுவேன். ஸ்டேஷன் தூணின் சுற்றளவு, மதகின் உயரம், உப்பளப் பாத்தியின் நீள அகலம், எண்ணூர் முகத்துவாரத்தில் ஆறு கடலைத் தொடும் இடத்தின் வளைவு என்று அளந்தேன். துறைமுகம் வருவதற்கு முன்னால் கப்பலிலிருந்து ஆட்களையும் மூட்டைகளையும் அலை தாண்டிக் கரை சேர்த்த மசூலாப் படகு ஒன்று மணலில் குப்புறக் கிடந்தது. ஓர் ஆணி கிடையாது; பலகைகளைத் தேங்காய் நாரால் தைத்திருந்தார்கள். தையலுக்குத் தையல் எத்தனை விரற்கடை என்று எண்ணிக்கொண்டிருந்தேன்.

என்னைக் கண்டு ஜனங்கள் பயந்தார்கள். டேப் பிடித்தவன் வந்தால் நிலம் போய்விடும் என்பது அவர்கள் அனுபவம். உப்பளத்தில் ஒருவர் உப்பு வாரும் பலகையை ஓங்கிக்கொண்டே வந்து, “இன்னா, எடத்த எடுக்கப் போறீங்களா?” என்று கேட்டார். பார்க் கட்டப்போகிறோம் என்றேன். “உப்பு வெளையிற எடத்துலயா பார்க்கு?” என்று இன்னும் கோபப்பட்டார். விளக்கிச் சொல்லி முடிக்க அரை மணி ஆயிற்று. எனக்கு அது வருத்தமாக இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமையில் என்னோடு யாரோ அரை மணி நேரம் பேசியது அதுதான் முதல் தடவை.

ஒருநாள் மத்தியான இடைவேளையில் தொழிற்சாலைக்கு எதிரே டீக்கடை பெஞ்சில் வரைபடத்தை விரித்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். வாசலில் மீன் விற்கும் அம்மாள் கூடையைக் கீழே வைத்துவிட்டு எட்டிப்பார்த்தாள். ஐம்பது வயதிருக்கும், பக்கத்துக் குப்பத்துக்காரி. வருஷக்கணக்காக அவளிடம்தான் மீன் வாங்குகிறேன். விலையைத் தவிர வேறு பேசியதில்லை.

“இது இன்னா நைனா, பொடவ பார்டரா?”

நீளமாக, ஒல்லியாக, ஒரு ஓரத்தில் நீலம் தீட்டியிருந்ததால் அப்படித்தான் இருந்தது. நம்ம கடற்கரைம்மா என்றேன். எது எது எங்கே என்று விரலால் காட்டினேன். படிக்கத் தெரியாதவள், ஆனால் கண்ணில் பட்டதும் திசை பிடிபட்டுவிட்டது.

“எங்க குப்பம் எங்க கீது?”

காட்டினேன். உதட்டைப் பிதுக்கினாள்.

“தப்பு. எங்க ஊரு அது இல்ல.”

“நான் அளந்து போட்டிருக்கேம்மா.”

“நீ இன்னா வேணா அள. எந்திரிச்சு வா, காட்றேன்.”

கூடையை டீக்கடையில் விட்டுவிட்டு முன்னால் நடந்தாள். மணலில் இறங்கி, அலை வந்து தொடும் இடத்தில் நின்றாள். கையை நீட்டிக் கடலைக் காட்டினாள்.

“தோ, அங்க ஒரு அலை ஒடையுது பாரு. அதுக்கும் அந்தாண்ட. அங்கதான் நான் பொறந்த வூடு. மூணு தெருவு, ஒரு கெணறு, மாரியாத்தா கோயிலு. அல்லாம் உள்ளதான் கீது. கப்பல் நிக்க ஆர்பரு கட்டுனாங்கோ, அப்பாலேந்து கடலு இங்க தின்னுகினே வருது. மூணு தபா வூடு மாத்தி கட்டிட்டோம். நீ போட்டிருக்கியே, அது மூணாவது ஊரு.”

நான் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அங்கே தண்ணீரைத் தவிர ஒன்றும் இல்லை. அவள் மட்டும் தெருக்கோடியில் யாரோ வருவதைப் பார்ப்பவள்போலக் கண்ணைச் சுருக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அத்த படத்துல போடுவியா நைனா?”

“தண்ணிக்குள்ள எப்படிம்மா வீடு போடறது?”

“கடலே போட்டுக்கினு கீது, நீ போட மாட்டியா?” என்று சொல்லிவிட்டு, கூடை ஞாபகம் வந்து வேகமாகத் திரும்பி நடந்தாள்.

போட்டேன். பார்க்கின் கிழக்கு ஓரம் முழுக்கக் கடலுக்காக ஆழமில்லாத சிமெண்ட் தொட்டி ஒன்றை வரைந்திருந்தேன். அதன் அடியில் சாண் உயரத்தில் குடிசைகள், மூன்று தெரு, ஒரு கிணறு, ஒரு கோயில். அதிகாரி பார்த்துவிட்டு முகம் சுளித்தார். “பசங்க விளையாடற இடத்துல மூழ்கின ஊர் எதுக்கு?” என்றார். “அங்கதான் இருந்தது சார்” என்றேன். வேறு காரணம் என்னிடம் இல்லை. அவர் படத்தை மறுபடி ஒருமுறை பார்த்தார். “சரி, கட்டுங்க. பேர்ப் பலகை மட்டும் வேண்டாம்” என்றார்.

வேலை ஆரம்பித்தது. தெற்கே துறைமுகமும் கலங்கரை விளக்கமும், அடுத்து ஸ்டேஷனும் பழைய பட்டண மதிலின் ஒரு துண்டும், நடுவில் ஒற்றியூர்க் கோபுரம், மேற்கே ஓடும் கால்வாய், வடக்கே உப்பளங்கள், கடைசியில் முகத்துவாரமும் அதன்மேல் ஒரு பாலமும். உப்பளம் நிஜமாகவே உப்பு விளையும்படி இருக்க வேண்டும் என்று கடல் தண்ணீர் விடுவதற்குத் தட்டுத்தட்டாகப் பாத்தி கட்டச் சொன்னேன். அந்த மசூலாப் படகைக் குப்பத்துக்காரர்களிடம் கேட்டு வாங்கி, குழந்தைகள் ஏறி விளையாட மணலில் நிமிர்த்தி வைத்தோம்.

பாலத்துக்குக் கைப்பிடி வைக்கிற அன்று பாய் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். படம் அவர் கையில் இருந்தது.

“சார், கைப்பிடி ஒரு அடின்னு போட்டுக்கீறீங்க. படி மூணு அங்குலம். படகுல ஏர்ற ஏணியும் அப்பிடித்தான். எந்தப் புள்ள சார் இதுல ஏறும்? தவழ்ற புள்ளையா?”

“குழந்தைங்களுக்குத்தானே பாய்.”

“எத்தினி வயசுப் புள்ளைக்கு?”

நான் படத்தைத் திருப்பிப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார்.

“உங்களுக்குப் புள்ள கீதா சார்?”

“ஒரு பொண்ணு. பதினோரு வயசு.”

பாய் எழுந்து நின்று, சிமெண்ட் ஒட்டிய கையைத் தன் நெஞ்சுக்கு நேராக நீட்டிக் காட்டினார். “பதினொண்ணுன்னா இங்க வரும் சார்.”

அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். பார்க் முழுவதையும், ஒவ்வொரு படியையும் ஒவ்வொரு பிடியையும், இரண்டு வயதுக் குழந்தை ஒன்றுக்காக வரைந்திருக்கிறேன் என்று அப்போதுதான் புரிந்தது. வருஷா வருஷம் மகளைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், ஆனால் என் கைக்குத் தெரிந்தது ஜன்னல் வழியாகக் கொடுத்த அந்தக் கனமும் உயரமும்தான். பாயிடம், “அளவு தப்பாயிருச்சு, மாத்தித் தரேன்” என்று மட்டும் சொன்னேன். அவர் அன்றைக்கு வேலையை நிறுத்திவிட்டுச் சாமான்களைக் கழுவப் போய்விட்டார்.

வீட்டுக்கு வந்து மனைவிக்குக் கடிதம் எழுதினேன். ஒரு பார்க்குக்குப் படம் வரைகிறேன், பாப்பாவின் உயரம் வேண்டும், அளந்து எழுதவும் என்று நாலு வரி. ஒரு வாரம் கழித்துக் கனமான கவர் வந்தது. உள்ளே ஒரு காகிதமும் சுருட்டிய வெள்ளை நூலும் இருந்தன. நூலில் இரண்டு முடிச்சுகள். “அளவு நாடா இல்லை. முதல் முடிச்சு வரை பாப்பா உயரம். கையைத் தூக்கினால் எவ்வளவு எட்டும் என்பதும் வேண்டியிருக்கும் என்று அவளே சொல்லி இரண்டாவது முடிச்சைப் போடச் சொன்னாள்” என்று மனைவி எழுதியிருந்தாள்.

நூலை வாசற்கதவின் நிலையில் ஆணியடித்துத் தொங்கவிட்டேன். நுனி தரையைத் தொடும்படி சரிசெய்தேன். முதல் முடிச்சு நான்கடி மூன்றரை அங்குலம், இரண்டாவது ஐந்தடி மூன்று. நோட்டில் குறித்துக்கொண்டேன். வேலை அவ்வளவுதான், ஆனால் நூலைக் கழற்ற மனம் வரவில்லை. ஸ்டவ்வைப் பற்றவைத்துச் சோறு வைத்தேன். திரும்பித் திரும்பிப் பார்த்தேன். ஜன்னலிலிருந்து காற்று வந்தபோதெல்லாம் அது இலேசாக அசைந்தது. அன்றுதான் அந்த வீட்டில் எனக்கு முதல்முறையாக வாய்விட்டு அழுகை வந்தது. அடுப்பில் சோறு குழைந்துபோயிற்று.

படிகளையெல்லாம் மாற்றினேன். பாய் முகம் கோணாமல் இடித்துவிட்டுக் கட்டினார்.

திறப்பு விழாவுக்கு வரச்சொல்லி வீட்டுக்கு எழுதினேன். மாமனாரை விட்டு வர முடியாது, தம்பியோடு பாப்பாவை மட்டும் அனுப்புகிறேன் என்று பதில் வந்தது. விழா அன்று பந்தல் போட்டு, நாதஸ்வரம் வைத்து, ஒரு பெரிய மனிதர் வந்து ரிப்பன் வெட்டினார். அதிகாரி மேடையில் பலருக்கு நன்றி சொன்னார். அவசரத்தில் என்னை விட்டுவிட்டார். அதை நான் கவனிக்கவில்லை. கூட்டத்தில் கண் தேடியபடியே இருந்தது. அவர்கள் வரவில்லை. விழுப்புரத்தில் ரயில் மாறும்போது வண்டியைத் தவறவிட்டு, மறுநாள் காலையில்தான் வந்து சேர்ந்தார்கள்.

வேலை நாள். குழந்தைகள் எல்லாம் பள்ளிக்கூடம் போயிருந்தார்கள். காவல்காரரிடம் சொல்லிக் கதவைத் திறந்து மகளை உள்ளே கூட்டிப்போனேன். என் மைத்துனன் வெளியே டீ குடிக்க நின்றுவிட்டான். நேற்றைய மாவிலைத் தோரணம் வாடித் தொங்கிக்கொண்டிருந்தது. பார்க்கில் நாங்கள் இரண்டு பேர்தான்.

அவள் அவசரப்படவில்லை. ஒவ்வொன்றாகப் பார்த்தாள். படகில் ஏறி நின்றாள். ஏணிப் படி அவள் காலுக்குச் சரியாக இருந்தது. உப்பளப் பாத்தியில் விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்து, “நெசமாவே உப்பு” என்றாள். தொட்டி ஓரம் வந்ததும் குனிந்தாள்.

“ஏன் வீடெல்லாம் தண்ணிக்குள்ள இருக்கு?”

சொன்னேன். மீன்கார அம்மாள் காட்டியதை, கடல் உள்ளே வந்ததை, மூன்று தடவை ஊர் மாறியதை.

“அப்ப அவங்கல்லாம் எங்க போனாங்க?”

“கொஞ்சம் மேற்கால போய்க் கட்டிக்கிட்டாங்க. அப்புறம் இன்னும் கொஞ்சம் மேற்கால.”

“நாங்க போன மாதிரியா?”

“நீங்க போனது வேற, பாப்பா. அது யுத்தத்துக்காக.”

“யுத்தம்தான் முடிஞ்சிருச்சே” என்றாள். குற்றம் சொல்கிற குரல் இல்லை; கணக்குப் பாடத்தில் விடை சரியா என்று கேட்கிற குரல். அவளே பேச்சை மாற்றினாள்.

“இதுல நீங்க எங்க இருக்கீங்கப்பா?”

நான் ஸ்டேஷனைக் காட்டினேன். அதற்குப் பின்னால் எங்கள் தெரு இருந்திருக்க வேண்டும். அங்கே சிமெண்ட் நடைபாதைதான் இருந்தது. ஓடும் கால்வாய், ஓய்ந்த படகு, கடலுக்கடியில் போன கிணறு எல்லாவற்றையும் வைத்த நான், என் வீட்டை வைக்கவில்லை. மறந்தேன் என்றுகூடச் சொல்ல முடியாது. அதைக் கட்டவேண்டும் என்று தோன்றவே இல்லை.

“இந்தா, இங்க வரும்” என்று இடத்தைக் காட்டினேன். அவள் போய் அந்தச் சிமெண்ட் தரையில் இரண்டு காலையும் சேர்த்து வைத்து நின்றாள். “இங்கயா?” என்றாள். “ஆமா” என்றேன். கொஞ்ச நேரம் அப்படியே நின்று, கடல் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு, “காத்து நல்லா வருது” என்றாள்.

மூன்று நாள் இருந்தாள். முதல் நாள் ஓட்டலில் வாங்கிச் சாப்பிட்டோம். இரண்டாம் நாள் அவளே ரசம் வைத்தாள். அம்மா வைக்கிற அதே ரசம். மூன்றாம் நாள் எழும்பூரில் ரயில் ஏற்றிவிட்டேன். ஜன்னலில் தலையை நீட்டி, “பொங்கலுக்கு வருவீங்கல்ல?” என்று கேட்டாள். வருவேன் என்றேன். அதன் பிறகு மாதம் ஒரு கடிதம் அவளே எழுதினாள். பள்ளிக்கூடம், மாடு, தோழிகள் என்று அரைப் பக்கம். அந்த அரைப் பக்கத்தை வைத்துக்கொண்டு ஒரு மாதத்தை ஓட்டிவிடுவேன்.

மீன்கார அம்மாளும் ஒருநாள் வந்து பார்த்தாள். தொழிலாளர் குடும்பத்துக்கு மட்டும்தான் அனுமதி என்று காவல்காரர் மறித்தார். நான் போய் அழைத்துவந்தேன். தொட்டி ஓரமாகக் குத்தவைத்து உட்கார்ந்து நெடுநேரம் பார்த்தாள். “நடுத்தெருவு இன்னும் கொஞ்சம் வளைஞ்சு போவும்” என்றாள். பிறகு, “பரவால்ல, வுடு” என்றாள். போகும்போது என்னிடம், “உம் பொஞ்சாதி எங்க நைனா? ஒரு நாள்கூட கண்ல காட்டலியே” என்று கேட்டாள். ஊரில் இருக்கிறாள் என்றேன். அவள் என்னைக் கடலைப் பார்த்த அதே மாதிரி கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டுப் போனாள்.

பார்க் நாலைந்து வருஷம் நன்றாக இருந்தது. சாயங்காலங்களில் பிள்ளைகள் சத்தம் டிராயிங் ஆபீஸ் வரை கேட்கும். குப்பத்துப் பிள்ளைகள் மதிலேறிக் குதித்து வந்து படகைப் பிடித்துக்கொள்வார்கள். பிறகு அந்த அதிகாரி வேலையை விட்டுப் போனார். அடுத்து வந்தவருக்கு அதில் ஈடுபாடு இல்லை. உப்புக் காற்றில் சிமெண்ட் பொரிந்தது, தொட்டி கசிந்து வற்றியது. குடிசைகள் வெயிலில் வெளியே வந்து கிடந்தன. தொழிற்சாலை விரிந்தது; ஒரு புதிய ஷெட்டுக்கு இடம் தேவைப்பட்டது.

அந்த ஷெட்டுக்கான படம் என் மேஜைக்கே வந்தது. அப்போது நான்தான் டிராயிங் ஆபீசுக்குத் தலைமை. வேறு யாரிடமாவது கொடுத்திருக்கலாம். நானே வரைந்தேன். கீழே மூலையில் “தற்போதுள்ள கட்டுமானங்களை அகற்றி நிலத்தைச் சமன்செய்யவும்” என்று என் கையெழுத்தில் குறிப்பு எழுதினேன். பாயைக் கூப்பிட்டார்கள். அவர் என்னிடம் வந்து, “நாம கட்டுனத நாமளே இடிக்கவா சார்? நம்மால ஆவாது. வேற ஆள பாத்துக்கோங்க” என்று சொல்லிவிட்டுப் போனார். வேறு ஆட்கள் வந்து இரண்டு நாளில் இடித்தார்கள். படகைக் குப்பத்துக்காரர்கள் விறகுக்கு எடுத்துப்போனார்கள்.

அந்த வாரமே லீவு எழுதிக்கொடுத்துவிட்டு ஆத்தூர் போனேன். பொங்கலும் இல்லை, பண்டிகையும் இல்லை. மாமனார் அதற்குள் காலமாகியிருந்தார். மகள் பதினேழு வயதுப் பெண். அவளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு மாதம் இருந்தேன். பார்க் இடிந்த கதையைக் கொஞ்சம் கொஞ்சமாக மனைவியிடம் சொன்னேன். இவ்வளவு பேச்சு நாங்கள் பேசியதே இல்லை.

கிளம்புவதற்கு முந்தின நாள் மத்தியானம். அவள் கொல்லையில் மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். நான் காக்கை விரட்டக் குச்சியோடு உட்கார்ந்திருந்தேன். திடீரென்று கேட்டேன்:

“யுத்தம் முடிஞ்சப்பவே நீ ஏன் வரல?”

அவள் கையை நிறுத்தவில்லை. “நீங்க ஒரு தடவைகூட வான்னு எழுதலையே.”

“எத்தனை கடுதாசி எழுதினேன்!”

“எழுதினீங்க. ஒவ்வொண்ணுலயும் ‘உன் சௌகரியம்போல் செய்யவும்’னுதான் இருந்துச்சு. இவருக்கு நாம அங்க வேண்டியதில்ல போலன்னு நெனச்சுக்கிட்டேன்.”

“உங்கப்பா படுத்திருக்காரு, உன்னைக் கஷ்டப்படுத்த வேண்டாம்னுதான் அப்படி எழுதினேன். நீயா வரேன்னு சொல்லுவியான்னு காத்திருந்தேன்.”

அவள் மிளகாய்க் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். கோபம் இல்லை. சிரிக்கப்போகிறவள் மாதிரிகூட இருந்தது.

“நானுந்தான்” என்றாள்.

மறுபடி குனிந்து மிளகாயைப் பரப்பினாள். இப்போதும் மாமியாருக்குக் கண் தெரியாது, மகளுக்குக் கல்யாணம் ஆகவேண்டும், எனக்கு இன்னும் சில வருஷம் வேலை இருந்தது. மறுநாள் விடியற்காலையில் எழுந்து எனக்குப் புளிச்சோறு கட்டிக்கொடுத்தாள். எப்போதும் வாசல்வரை மட்டும் வருகிறவள், அன்றைக்குத் தெருமுனை வரைக்கும் வந்தாள். பஸ் வந்ததும் பையை என் கையில் கொடுத்து, “சேந்ததும் எழுதுங்க” என்றாள். ஏறி உட்கார்ந்தேன். பஸ் திரும்பும்வரை அவள் அங்கேயே நின்றுகொண்டிருந்தது தெரிந்தது.